நேசனுக்கு ஒரு சீசன், எனக்கு ஒன்பது

அன்பு மகன்,

கழகத்தின் ஆண்டு மலருக்கு நீ எழுதிய கட்டுரை வந்து சேர்ந்தது. பெயர்களும் விபரங்களும் சரியா என்று பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாய். உனக்கு இப்போது எத்தனை வேலை என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் கலியாணம், அது முடிந்த கையோடு லோசானுக்கு வீடு மாறுகிறாய். கழகத்தின் செயலாளராக நீ செய்யும் கடைசி வேலை இந்தக் கட்டுரைதான். டெலிபோனில் இரண்டு வார்த்தை சொல்லி முடித்திருக்கலாம். இரண்டு முறை உன் நம்பரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். இதைக் கதைத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில் உன் கலியாணத்துக்கு வருகிற ஆட்களின் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கிறா. நான் என்ன எழுதுகிறேன் என்று அவவுக்குத் தெரியும்.

எங்கள் அமெரிக்கன் ஃபுட்போல் கழகத்தில் இதுவரை ஓடிய ரன்னிங் பாக்குகளில் ஆகச் சிறந்தவர் யார் என்ற கேள்விக்கு நீ என் பெயரை எழுதியிருக்கிறாய். பந்தைக் கையில் வாங்கி எதிரணியின் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவனை நீ எத்தனையோ பேரில் பார்த்திருக்கிறாய், நீயும் ஓடியிருக்கிறாய். அப்படியிருந்தும் என்னை எழுதியிருக்கிறாய். ஒன்பது சீசன் ஓடியவர், ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர், கழகத்தின் பதிவுப் புத்தகத்தில் ஆகக் கூடிய தூரம் அவருடையது, ஒரு வருடம் மின்னிவிட்டு மறைவது பெரிய காரியமில்லை, வருடக் கணக்காக நின்று பிடிப்பதே பெரிய காரியம் என்று எழுதியிருக்கிறாய். மகன் எழுதியதை வாசித்து எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு நிறையும். எனக்கும் நிறைந்தது. அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. ‘தொடக்க காலத்தில் சிவா என்ற ஒரு தமிழரும் ஒரு சீசன் நன்றாக ஓடியதாகச் சொல்லப்படுகிறது.’ அந்தச் ‘சொல்லப்படுகிறது’ என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. பிறகு வாசிக்க முடியவில்லை.

மகன், அந்தச் சிவா வேறு யாருமில்லை. சிவநேசன். ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் மலைப் பக்கத்து எங்கடினிலிருந்து உனக்கு வால்நட் கேக் அனுப்புகிற, ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கிற உன் நேசன் மாமா. ஹோட்டல் படியில் விழுந்து அவருக்குக் கால் போனது என்று சின்ன வயதில் உனக்குச் சொன்னது நான். அது பொய்.

நாங்கள் இருவரும் எண்பதுகளின் நடுவில் ஒரே மாதத்தில் இந்த சுவிஸ் நாட்டுக்கு வந்தவர்கள். ஓல்டனில் அகதி விண்ணப்பக்காரருக்கான ஒரு வீட்டில், ஒரே அறையில், மேலும் கீழுமான இரண்டு கட்டில்களில் படுத்தோம். இரண்டு பேருக்கும் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த ஒரு சாமான் கிடங்கில் வேலை கிடைத்தது. நான் ஊரில் கொஞ்சம் ஆங்கிலம் படித்தவன், அதை வைத்துக்கொண்டு டொச் மொழியை வேகமாகப் பிடித்துவிட்டேன். நேசனுக்கு அது ஏறவில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரன். நூறு மீட்டர், இருநூறு மீட்டர் எல்லாவற்றிலும் முதல். புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் மட்டும் வயிறு வலிக்கும். அதனால் கடையில், அலுவலகத்தில், டொக்டரிடத்தில் எல்லாம் அவனுக்காக நான்தான் கதைத்தேன். “நீ வாய், நான் கால்” என்று சொல்லிச் சிரிப்பான்.

கிடங்கில் லொறி ஓட்டிய ஊர்ஸ் என்பவர்தான் எங்களை அந்த விளையாட்டுக்குக் கொண்டுபோனார். அவர் ஒரு வருடம் அமெரிக்காவில் வேலை செய்துவிட்டு, இந்த அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியத்தோடு திரும்பி வந்திருந்தார். ஓர் அணியைத் தொடங்கியிருந்தார், ஆள் போதவில்லை. ஒரு நாள் மதிய இடைவேளையில் கிடங்கின் முற்றத்தில் எங்களோடு பந்து எறிந்து விளையாடினார். நேசன் பந்தை வாங்கிக்கொண்டு இரண்டு லொறிகளுக்கு இடையால் ஓடியதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த சான்ட்விச்சைக் கீழே வைத்தார். என்னிடம் வந்து, “உன் நண்பனைக் கேள், ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு என்ன வேலை?” என்றார். கேட்டேன். நேசன், “ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன வேலை? சுவரைப் பார்க்கிற வேலைதான். வாறன் எண்டு சொல்லு” என்றான்.

ஆரே ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின் மைதானத்தில்தான் பயிற்சி. தலைக்கவசங்கள் யாரோ பாவித்துக் கழித்தவை. முந்தி அதை அணிந்தவனின் வியர்வை மணம் போகவே போகாது. என் உடம்பையும் என் வேகத்தையும் பார்த்த ஊர்ஸ், என்னை நேசனுக்கு முன்னால் ஓடவிட்டார். பந்து என் கைக்கு வராது. நேசனைப் பிடிக்க வருகிற முதல் ஆளை நான் மோதி விழுத்த வேண்டும், அந்த இடைவெளியால் அவன் போவான். இதில் ஒன்றை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். நேசன் எப்படி ஓடினான் என்று நான் பார்த்ததே இல்லை. அவன் ஓடுகிற நேரமெல்லாம் நான் யாரோ ஒருவனுக்குக் கீழே முகம் குப்புறச் சேற்றில் கிடந்தேன். சத்தம்தான் கேட்கும். முதலில் ஊர்ஸின் குரல், பிறகு கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் எல்லோரும் ஒரேயடியாக மூச்சு இழுக்கிற சத்தம், அதற்குப் பிறகு ஆரவாரம். அது எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை வைத்து அவன் எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று கணக்குப் பண்ணுவேன்.

அந்த ஒரு சீசன் முழுவதும் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. கூட்டிச் சொல்லவில்லை, மகன். பேர்னிலிருந்து வந்த அணி, சூரிச் பக்கத்து அணி எல்லாம் அவனுக்கென்றே இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்கள். ஊர்ஸ் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “எல்லோரும் அவன் வேகத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். அவன் வேகத்தால் தப்புவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு கண் சிமிட்டுகிற நேரம் நிற்கிறான். பாய்ந்து வந்தவன் அவனைத் தாண்டிப் போய் விழுகிறான். பிறகு இவன் நடந்து போகலாம்.” இதை நான் நேசனுக்குத் தமிழில் சொன்னபோது, “நான் எங்கை நிக்கிறன்? சும்மா பயத்திலை நிக்கிறது” என்றான். அடுத்த வாரம் கிடங்கில், அதுவரை எங்களை “ஏய், தமிழ்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர், பத்திரிகையில் வந்த ஒரு சின்னப் படத்தை நேசனிடம் காட்டி, “இது நீயா, சிவா?” என்று கேட்டார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்ற எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று அவருக்கு அன்று ஞாபகம் வந்தது. எங்கள் விண்ணப்பங்களுக்கு என்ன பதில் வரும், எப்போது திருப்பி அனுப்புவார்கள் என்று தெரியாத காலம். கிழமையில் ஆறு நாளும் நாங்கள் யாரோ. ஏழாம் நாள் மட்டும் ஆட்கள். இதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. பின்னால் நான் சொல்லப்போவது விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு கிழமை இருந்தபோது, அதற்கு முந்திய ஆட்டத்தில் நேசனின் வலது முழங்காலில் பக்கவாட்டில் ஒருவன் வந்து விழுந்தான். அடுத்த நாள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிப்போயிருந்தது. ஆரா நகரில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் நல்ல மனிதர். காலை மடக்கிப் பார்த்தார், பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார், நேசன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். பிறகு டொக்டர் என்னைப் பார்த்து மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு சொல்லாக, சொன்னார். முழங்காலின் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. ஆறு கிழமை கட்டுப் போட்டு ஓய்வு. இந்த வருடம் விளையாட்டே இல்லை. இப்போது விளையாடினால் மிச்சமும் போகும், அதற்குப் பிறகு அவரால் ஓட முடியாமல் போகலாம்.

நேசன் என் முகத்தைப் பார்த்தான். “என்னவாமடா?”

“தசைநார் கொஞ்சம் இழுபட்டிருக்காம்” என்றேன்.

“பைனல் விளையாடலாமோ எண்டு கேள்.”

நான் டொக்டர் பக்கம் திரும்பினேன். அதைக் கேட்கவில்லை. கட்டு எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டேன். ஆறு கிழமை என்று அவர் மறுபடியும் சொன்னார், ஆறு விரலையும் காட்டினார். நான் நேசனிடம் திரும்பி, “இறுக்கிக் கட்டிக்கொண்டு விளையாடினால் பிரச்சினை இல்லையாம். பிறகு ஆறு கிழமை ஓய்வெடுக்கட்டாம்” என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு வசனம். டொக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார், நேசனும் அவருக்குக் கைகொடுத்து, தனக்குத் தெரிந்த டொச்சில் நன்றி சொன்னான்.

ஏன் செய்தீர்கள் என்று நீ கேட்பாய். முப்பது வருடத்துக்கு மேல் நானும் அதைத்தான் கேட்கிறேன். அவன் மேல் பொறாமையா என்று தோண்டிப் பார்த்தேன். பொறாமை இருந்திருந்தால் நான் அவனை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டுப் பந்தைக் கையில் வாங்கியிருப்பேன். நான் செய்தது அதைவிட மோசம். அவன் இல்லாவிட்டால் அந்த ஆரவாரம் இல்லை, அது இல்லாவிட்டால் நான் திரும்பவும் கிடங்கில் பெட்டி தூக்குகிற யாரோ ஒருவன். இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தத்துக்குக் கீழே கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு அவன் காலைக் கொடுத்தேன். ஊர்ஸ் கேட்டபோதும், டொக்டர் விளையாடலாம் என்றார் என்று நானே டொச்சில் சொன்னேன். அவர் தன் கையாலேயே முழங்காலைச் சுற்றிக் கட்டினார்.

இறுதி ஆட்டம் பாசலில் நடந்தது. முதல் பாதியில் நேசன் இரண்டு முறை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினான். இரண்டு முறையும் நான் சேற்றில் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன், அதுவரை கேட்டதிலேயே அதுதான் ஆக நீளம். இடைவேளையில் அவன் முகம் வெளுத்திருந்தது. “நோகுதோ?” என்றேன். “நோகுதுதான். டொக்டர் ஒண்டுமில்லை எண்டவரெல்லோ” என்றான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இரண்டாம் பாதியின் நடுவில் நான் ஒருவனை விழுத்திவிட்டுக் கிடந்தேன். பின்னால் எல்லோரும் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. ஆரவாரத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. எழும்பித் திரும்பிப் பார்த்தேன். நேசனுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவனை யாரும் தொடவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். அவன் வழமைபோல அந்த ஒரு கணம் நின்றிருக்கிறான். நின்ற காலில் முழங்கால் போய்விட்டது. புல்லில் இருந்துகொண்டு தன் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், “நான் போய் வாறன், நீ விளையாடு” என்றான்.

அவனைத் தூக்கிக்கொண்டு போனதும் ஊர்ஸ் பந்தை என் கையில் தந்தார். வேறு ஆள் இல்லை. நாங்கள் கொஞ்சப் புள்ளிகளால் முன்னுக்கு நின்றோம், நேரத்தைக் கடத்தினால் போதும். நான் ஓடினேன், மூன்று கெஜம், நாலு கெஜம், மறுபடி மூன்று. ஒவ்வொரு முறையும் நாலைந்து பேர் மேலே விழுந்தார்கள். அப்படியே நேரம் முடிந்தது. வென்றோம். நீ கழகக் கூடத்தில் எத்தனையோ தடவை துடைத்து வைத்த அந்த வெள்ளிக் கிண்ணம் அன்று கிடைத்ததுதான். நீ பெருமையாக எழுதியிருக்கிற என்னுடைய ஒன்பது சீசன்களும் அந்த மூன்று கெஜத்தில்தான் தொடங்கின. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவுப் புத்தகம் எழுதுகிற வழக்கத்தை ஊர்ஸ் அடுத்த வருடம்தான் தொடங்கினார். நேசன் ஓடிய ஒரு கெஜம்கூட அதில் இல்லை. இருப்பதெல்லாம் நான் ஓடியது. நீ அதைக் கூட்டிப் பார்த்து யார் பெரியவர் என்று முடிவு பண்ணியிருக்கிறாய்.

நேசனுக்கு ஒப்பரேஷன் செய்தார்கள். நடக்க முடிந்தது, ஓட முடியவில்லை. கிடங்கில் பாரம் தூக்கவும் முடியாது. எங்கடினில் ஒரு ஹோட்டல் சமையலறையில் தெரிந்த ஒருவர் வேலை செய்தார், அவர் மூலமாக வேலை அனுமதியும் கிடைத்து அங்கே பாத்திரம் கழுவப் போனான். நான் ஒவ்வொரு ஞாயிறும் ஓடினேன். காய்ச்சலிலும் ஓடினேன், விரல் உடைந்தபோதும் ஓடினேன். ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர் என்று நீ எழுதியிருக்கிறாயே, அதன் காரணம் இதுதான். தவறவிட எனக்குத் துணிவில்லை.

அந்தப் பத்தாண்டு முடிகிற நேரத்தில் உன் அம்மா வந்தா. கலியாணம் செய்து ஆறு மாதம் இருக்கும். ஒரு ஞாயிறு, கண் வீங்கி வீட்டுக்கு வந்த என்னை மேசையில் இருத்தி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டே கேட்டா: “உங்களுக்கு இந்த விளையாட்டிலை ஆசை இருக்கிற மாதிரித் தெரியேல்லை. ஆருக்காக ஓடுறியள்?” எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஐஸ் கட்டியை மேசையில் வைத்தா. முடிந்ததும், “எனக்குச் சொல்லி என்ன செய்ய? அவருக்கெல்லோ சொல்ல வேணும்” என்றா. அடுத்த கிழமை ரயில் டிக்கெட் எடுத்துத் தந்ததும் அவதான்.

எங்கடினில் நேசனுக்கு மதியச் சாப்பாட்டு வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் இரண்டு மணித்தியால ஓய்வு இருந்தது. உறைந்து கிடந்த ஏரிக் கரையால் நடந்தோம். பனியில் அவன் கால் இழுத்த கோடு எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. என்னைக் கண்ட சந்தோசத்தில் அவன் விடாமல் கதைத்தான், சமையலறையில் தன்னை இப்போது காய்கறி வெட்ட விடுகிறார்கள் என்றான். நான் நின்று, டொக்டர் சொன்னது வேறு, நான் உனக்குச் சொன்னது வேறு என்றேன். அவன் ஏரிப் பக்கம் திரும்பினான். பிறகு, “அவர் என்ன சொன்னவர்? அப்பிடியே சொல்லு. தமிழிலை வேண்டாம், டொச்சிலையே சொல்லு” என்றான். சமையலறையில் இருந்து அவனுக்கு அந்த மொழி வந்துவிட்டது. நான் அந்த டொக்டரின் ஒவ்வொரு சொல்லையும் சொன்னேன். ஒன்றும் மறந்திருக்கவில்லை. அவன் தலையைக் குனிந்து, ஒரு டொக்டருக்கு முன்னால் நிற்கிறவன் போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நான் எப்பிடியும் விளையாடித்தான் இருப்பன் எண்டு சொல்லுவன் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனியோ?” என்று கேட்டான்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

“இல்லையடா. அண்டைக்கு நீ இதைச் சொல்லியிருந்தால் நான் விளையாடியிருக்க மாட்டன். எனக்கு ஓடுறதெண்டால் அவ்வளவு விருப்பம். ஒரு கிண்ணத்துக்காக அதை விட்டிருக்க மாட்டன்.” அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். நான் பின்னால் போனேன். “வராதை. எனக்கு வேலைக்கு நேரமாச்சு” என்றான். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவன் கதைக்கவில்லை. நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. நீ பிறந்ததைச் சொல்லி அம்மா ஒரு கார்ட் போட்டா. அதற்குத்தான் டெலிபோன் வந்தது. பிள்ளையைப் பற்றி இரண்டு கேள்வி, பிறகு, “இன்னும் ஓடுறியோ?” என்றான். ஓம் என்றேன். “ஏன்?” என்றான். “எனக்காக ஓடுறதெண்டால் நிப்பாட்டு. உன்ரை காலும் போனால் என்ரை கால் வரப்போகுதோ? உனக்கு விருப்பமெண்டால் ஓடு.” அடுத்த ஞாயிறு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊர்ஸிடம் எனக்கு இன்று ஏலாது என்று சொல்லிவிட்டு வீட்டில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஆகவே அந்த ‘ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர்’ என்பதையும் திருத்திவிடு. அடுத்த கிழமை ஏனோ கால் தானாக மைதானத்துக்குப் போனது. எனக்கு ஓடுவது பிடித்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த வேனிலில் நேசன் ஓல்டனுக்கு வந்தான், ஒரு ஆட்டம் முழுவதும் கோட்டோரமாக நின்று பார்த்தான். முடிந்ததும் நான் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு அவனிடம் போனேன். என்ன சொல்வான் என்று தெரியாது. அவன் சேறு படிந்த என் சட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “நீ எப்ப விழுந்தாலும் முன்பக்கமாத்தான் விழுறாய். நாலு பேர் பிடிச்சு இழுத்தாலும் ஒரு கெஜம் முன்னுக்குத்தான் விழுறாய். எனக்கு அது வராது. என்னை ஆராவது பிடிச்சால் நான் அந்த இடத்திலையே முடிஞ்சன்.” பிறகு, “நான் ஓடேக்கை உன்ரை முதுகைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினனான், தெரியுமோ? நீ எந்தப் பக்கம் சாயுறியோ அதுக்கு மற்றப் பக்கம் போவன்” என்றான். நான் அவனிடம், நீ ஓடியதை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை என்றேன். அவன் சிரித்தான். “நான் ஓடினதை நான் மட்டும் பார்த்தனானோ?” என்றான். மன்னித்துவிட்டேன் என்று அவன் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் அன்று எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான், உன்னைத் தூக்கினான். நத்தாருக்குக் கேக் வந்தது.

இதெல்லாம் உன் கட்டுரைக்கு என்ன என்று நீ யோசிப்பாய். நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி, மகன். உச்சத்தில் ஒரு தரம் நின்றவனா, நெடுநாள் நின்று பிடித்தவனா? நான் இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன், ஆனாலும் என்னால் முடிவு சொல்ல இயலவில்லை. நெடுநாள் ஓடுவதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் இறங்கி வேலைக்குப் போவதும், மறுபடி ஞாயிற்றுக்கிழமை போய் நிற்பதும் இலேசான காரியம் இல்லை. ஆனால் நின்று பிடித்தவனுக்குக் கால் இருந்தது, அவன் முழங்காலில் யாரும் விழவில்லை, அவனிடம் யாரும் பொய் சொல்லவில்லை. இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். நேசன் இன்னும் எட்டு வருடம் ஓடியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடமே மற்ற அணிகள் அவனைப் பிடிக்கப் பழகியிருக்கலாம். அது தெரியாமல் போனதற்குக் காரணம் நான். ஆகவே இந்தக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல இந்த உலகத்தில் ஆகத் தகுதி குறைந்தவன் உன் அப்பா.

பல வருடங்களாக, யார் கேட்டாலும், நேசனைப்போல ஒருவன் பிறக்கவில்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊர்ஸ்கூட என்னைப் பகிடி பண்ணுவார். அதிலும் உண்மை குறைவுதான். குற்ற உணர்ச்சியில் ஒருவனைத் தூக்கி வைப்பதும், மகன் பாசத்தில் தகப்பனைத் தூக்கி வைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நீ இப்போது ஒரு பெண்ணோடு வாழப்போகிறாய். அவ சொல்வதை உன் தாய் தகப்பனுக்கும், நாங்கள் சொல்வதை அவவுக்கும் நீ எத்தனையோ தடவை சொல்ல வேண்டி வரும். அவவுக்குத் தமிழ் அரைகுறை, எங்களுக்குப் பிரெஞ்சு சுத்தமாக இல்லை. நடுவில் நிற்கிறவனுக்கு ஒரு சொல்லைக் கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்ல எப்போதும் ஆசை வரும். நல்லதுக்குத்தானே என்று தோன்றும். அந்த நேரம் நீ நின்று, இது யாருக்கு நல்லது என்று உன்னையே கேட்டுப்பார். எனக்கு வேறு புத்திமதி சொல்லத் தெரியாது.

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்க முன்னர் நான் நேசனுக்கு எடுத்துக் கதைத்தேன். கட்டுரையைப் பற்றிச் சொன்னேன், டொக்டர் அறையில் நடந்ததை உனக்குச் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று, “நேசன்?” என்றேன்.

“இருக்கிறன்” என்றான். “உன்ரை பேரையே முதலிலை போடச் சொல்லு. நீ ஒன்பது வருசம் அடி வாங்கினனி. அதிலை எனக்கு ஒரு குறையும் இல்லை.” பிறகு சொன்னான்: “ஆனால் மகன் அந்த ஒரு சீசனைப் பற்றிக் கேட்டால் நான் கதைப்பன். ஒவ்வொரு ஓட்டமும் எனக்கு ஞாபகம் இருக்கு. எந்த மைதானம், எந்தப் பக்கம் திரும்பினனான், ஆர் விழுந்தது எண்டு எல்லாம் சொல்லுவன். இவ்வளவு காலத்திலை என்னட்டை ஒருதரும் கேக்கேல்லையடா.”

நானும் கேட்கவில்லை, மகன். மன்னிப்புத்தான் கேட்டேன்.

நேசன் மாமாவுக்குச் சனிக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு கிழமை தவணை கேள். காலை வண்டியில் ஏறினால் மதியத்துக்கு முன் எங்கடினுக்குப் போய்விடலாம். ஒரு கொப்பி கொண்டு போ, தடித்த கொப்பியாக.

அன்புடன்,
அப்பா